குணலட்சுமியின் பெயரில் ஒரு லூமா

மனிதர்களை மதிக்காமல் இருப்பதில் கோப்பாய் குணலட்சுமிக்கு நீண்ட பழக்கம் உண்டு. கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து, முகாமையாளராக ஓய்வு பெற்றவள். சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்ற காலத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாரையும் பார்த்தவள். செத்துப்போன தாயின் பெயரைப் பங்கீட்டு அட்டையில் வெட்டாமல் வைத்து அரிசி வாங்கிய வாத்தியாரை அவளுக்குத் தெரியும். கனடாவுக்குப் போய்விட்ட இரண்டு மகன்மாரையும் வீட்டில் இருப்பதாகச் சொல்லிப் பருப்பு வாங்கிய கோயில் மணியகாரரையும் தெரியும். அவர்கள் இப்போது தெருவில் கண்டு தலையசைத்தால் இவள் சைக்கிள் மணியை ஒருதரம் அடித்துவிட்டுப் போவாள். அது வணக்கம் இல்லை, வழி விடச் சொல்வது.

கலியாணம் ஒன்று இளமையில் ஒப்பேறுகிற மாதிரி வந்தது. மாப்பிள்ளை பகுதி வயதை நாலு வருடம் குறைத்துச் சொல்லியிருந்தது தெரியவந்ததும், “வயசிலையே களவெடுக்கிறவர் மிச்சத்திலை என்னத்தை விட்டு வைப்பார்?” என்று தகப்பனிடம் சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். பிறகு வந்த பேச்சுகளுக்கும் ஏதாவது ஒரு குறை கிடைத்தது. குறை தேடினால் கிடைக்காமல் போகுமா? இப்போது அறுபத்து மூன்று வயது. தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறாள். பின்வளவில் நாலு பாத்தி மிளகாய், கொஞ்சம் பீற்றூட், ஒரு கிணறு.

சொந்தம் என்று பக்கத்தில் இருந்தவன் தம்பியின் மகன் ஜெயரூபன் மட்டுந்தான். தம்பி காலமாகிவிட்டான். மகன் முதலில் கைத்தொலைபேசிக் கடையில் நின்றான், பிறகு காப்புறுதி விற்றான், பிறகு ஒரு வருடம் ஒன்றும் செய்யாமல் அதைத் ‘திட்டமிடல்’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்து வருடம் பூட்டிக் கிடந்த வாகன இறக்குமதியை அரசாங்கம் திறந்துவிட்டபோது அவனுக்கும் கதவு திறந்தது. லூமா என்ற சின்ன மின்சாரக் காரைக் கொண்டுவந்து விற்கிற கொழும்புக் கம்பனி நல்லூரில் கிளை போட்டது. அந்தக் கிளைக்கு அவன் பொறுப்பாளர்.

முதல் மாதமே ஒரு லூமாவை ஓட்டிக்கொண்டு மாமி வீட்டு வாசலுக்கு வந்தான். கழுத்தில் டை. கார், பேக்கரிக் கண்ணாடிக்குள் இருக்கும் பணிஸ் மாதிரி மேலே உப்பிப்போய் இருந்தது. சத்தமில்லாமல் வந்து நின்றது.

“எப்பிடி மாமி?”

“எஞ்சின் நிண்டு போச்சோ?”

“உது மின்சாரக் கார் மாமி. சத்தம் வராது. உலகமே இனி உதிலைதான் போகப்போகுது.”

“உலகம் போகட்டும். நீ கேற்றை மறிச்சுக்கொண்டு நிக்கிறாய். தள்ளி விடு.”

வைகாசி மாதம் மறுபடியும் வந்தான். இந்தமுறை கையில் ஒரு கோப்பு இருந்தது. குணலட்சுமி மிளகாய்க்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தாள். கம்பனியில் ஒரு திட்டம் இருக்கிறது என்றும், நெருங்கிய சொந்தக்காரரின் விபரம் கொடுத்தால் தனக்குப் புள்ளி கிடைக்கும் என்றும், அடையாள அட்டைப் பிரதியும் மூன்று கையெழுத்தும் போதும் என்றும் சொன்னான்.

“என்ன விபரம்?”

“காரைப் பற்றித்தான் மாமி. வேணுமெண்டால் வாசிச்சுப் பாருங்கோ.”

“உன்ரை உந்தப் பணிஸைப் பற்றி வாசிக்கிறதுக்கு எனக்கென்ன விசரே? கொண்டா.”

ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். சங்கக்கடையில் இருந்த காலத்தில் ஒரு மூட்டை உப்புக்கான பற்றுச்சீட்டையே இரண்டுதரம் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டவள். இதை வாசிக்கவில்லை. மருமகனில் நம்பிக்கை வைத்து அல்ல. அவன் கொண்டுவருகிற எந்தக் காகிதமும் தன் கண்ணுக்குத் தகுதியில்லை என்ற எண்ணத்தில்.

ஆவணி மாதம் கம்பனிக்காரர் யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலில் விழா வைத்தார்கள். மாகாணவாரியான பதிவுப் புள்ளிவிபரம் வந்திருந்தது. சனத்தொகையோடு ஒப்பிட்டால் லூமா அதிகமாகப் பதிவாவது வடக்கில்தான் என்று அதில் இருந்ததாம். ஜெயரூபனுக்கு மாலையும் பெரிய கண்ணாடிக் கேடயமும் கிடைத்தன. அந்த வீடியோவை அவன் மாமிக்குக் காட்டினான். அதில் கோட்டுப் போட்ட ஒருவர், சூழலை நேசிப்பதில் யாழ்ப்பாண மக்கள் முழு இலங்கைக்கும் முன்மாதிரி என்று பேசினார். குப்பையைப் பக்கத்து வளவுக்குள் எறிகிற சனத்தைப் பற்றியா இவர் பேசுகிறார் என்று குணலட்சுமி யோசித்தாள்.

“எத்தினை காராம்?” என்றாள்.

“மாவட்டத்திலை மட்டும் அறுபத்திரண்டு.”

“நான் கிழமையிலை மூண்டு நாள் நல்லூருக்குச் சைக்கிளிலை போய் வாறன். ரண்டைத்தான் கண்டனான். அதிலை ஒண்டு உன்ரை.”

“மாமி, பதிவு வேறை, றோட்டு வேறை,” என்றான் ஜெயரூபன். சொல்லிவிட்டுச் சட்டென்று கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டான்.

பதிவுக்கும் றோட்டுக்கும் இருந்த வித்தியாசம் புரட்டாதியில் ஒரு நாள் அவள் வீட்டுப் படலையைத் தட்டியது. வந்தவள் கஜந்தினி என்ற இளம்பெண். தோளில் பை, கையில் டப்லெற், வெயிலில் சிவந்த முகம். வடக்குச் சனம் லூமாவை ஏன் இவ்வளவு விரும்புகிறது என்று கண்டுபிடிக்கக் கொழும்புத் தலைமையகம் ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு வேலை கொடுத்திருந்தது. அந்த நிறுவனம் கஜந்தினியை வீடுவீடாக அனுப்பியிருந்தது.

“அம்மா, குணலட்சுமி எண்டது நீங்கள்தானே?”

“ஓம். என்ன விக்க வந்தனீ?”

“விக்க வரேல்லை அம்மா. உங்கடை கார் எப்பிடி ஓடுது எண்டு கேக்க வந்தனான்.”

குணலட்சுமி மாமரத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அது கார் இல்லைப் பிள்ளை.”

கஜந்தினி டப்லெற்றைத் திருப்பிக் காட்டினாள். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரி. கீழே லூமா, வெளிர் பச்சை, பதிவான மாதம் ஆனி, முதல் உரிமையாளர் என்று இருந்தது. குணலட்சுமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை வாசித்தாள். மிளகாய்ப் பாத்தியடியில் போட்ட மூன்று கையெழுத்தும் நினைவுக்கு வந்தன. முதல் கோபம் மருமகனில் வரவில்லை, தன்னில்தான் வந்தது. கைநாட்டுப் போடுகிறவர்களுக்குக்கூட இரண்டுதரம் வாசித்துக் காட்டிய தனக்கு இது வேண்டும் என்று நினைத்தாள்.

“எத்தினை வீட்டுக்குப் போனனீ?”

“பதினொரு வீடு அம்மா. மூண்டு வீட்டிலைதான் கார் நிண்டது.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஒரு வீட்டிலை கட்டிலிலை படுத்த படுக்கையாக் கிடக்கிற ஐயா. அவரின்ரை பேரிலையும் ஒண்டு. கார் இல்லையெண்டால் என்ன எழுதிறதெண்டு மேலிடத்தைக் கேட்டனான். திருத்தகத்திலை நிக்குதெண்டு போடச் சொல்லீட்டினம்.”

“அவங்களுக்கும் தெரியும் எண்டு சொல்லு.”

“எனக்குத் தெரியாது அம்மா. நான் கேள்வியைக் கேட்டிட்டுப் போறன். பத்துக்கு எத்தினை புள்ளி குடுப்பியள்?”

“பூச்சியம்.”

“பூச்சியம் போடேலாது. ஒண்டிலை இருந்துதான் தொடங்குது.”

குணலட்சுமி அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும் முன்பே சைக்கிளை எடுத்துவிட்டாள்.

நல்லூர்க் கிளையின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. ‘வடக்கின் தெரிவு லூமா’ என்று ஒரு பெரிய பதாகை தொங்கியது. ஜெயரூபன் மாமியின் முகத்தைக் கண்டதும் வாடிக்கையாளர் கதிரையிலிருந்து எழுந்து, அவளைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கதவைச் சாத்தினான்.

“மெதுவாக் கதையுங்கோ மாமி. எல்லாரும் செய்யிறதுதான். இறக்கின காரைக் குறிச்ச காலத்துக்குள்ளை பதியாட்டித் தண்டம் வரும். கொழும்பு தந்த இலக்கு வரேல்லையெண்டால் கிளையைப் பூட்டிப் போடுவாங்கள். அதாலை தெரிஞ்ச ஆக்களின்ரை பேரிலை பதிஞ்சு வைக்கிறது. பேந்து ஆள் வர மாத்திக் குடுக்கிறது. ஒருத்தருக்கும் நட்டமில்லை.”

அப்போது தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள் செபஸ்தியம்மா. குருநகரிலிருந்து பஸ்ஸில் வந்து அந்தக் கடையைக் கூட்டித் துடைக்கிறவள். புருசன் கடலோடு போய்விட்டான். மகளின் இரண்டு பிள்ளைகளையும் இவள்தான் வளர்க்கிறாள். குணலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“உன்ரை பேரிலையும் கார் இருக்கோ?”

ஜெயரூபன், “செபஸ்தியம்மா, நீங்கள் போங்கோ,” என்றான். அவள் போகவில்லை.

“எனக்கு ஏனக்கா கார்? ஆனால் விதானையார் இருக்கெண்டுதான் சொல்லுறார். ரண்டு மாசமா நிவாரணக் காசு வரேல்லை. ஏனெண்டு கேக்கப் போனால், கார் வச்சிருக்கிற ஆக்களுக்குக் குடுக்கிறேல்லை எண்டு ஏசி அனுப்பிப் போட்டார். இந்தச் சேரிட்டைச் சொன்னனான். கம்பியூட்டர் பிழை, தானாச் சரிவரும் எண்டவர்.”

ஜெயரூபன் டையின் நுனியைச் சுருட்டினான், விரித்தான், மறுபடி சுருட்டினான். பொய்க்கணக்கில் அரிசி வாங்கிய பலரைக் குணலட்சுமி பார்த்திருக்கிறாள். அவர்கள்கூட இல்லாத வாயைக் காட்டித்தான் வாங்கினார்கள், இருக்கிற வாயிலிருந்து பிடுங்கவில்லை. இவன் அவர்களையும் நல்லவர்களாக்கிவிட்டான்.

“ஒருத்தருக்கும் நட்டமில்லை எண்டனி,” என்றாள். தேத்தண்ணியைத் தொடவில்லை. “சரி. என்ரை கார் எங்கை? காட்டு.”

அவன் எவ்வளவோ மழுப்பிப் பார்த்தான். கடைசியில் அவளைக் கிளையின் லூமாவில் ஏற்றிக்கொண்டு இணுவிலுக்குப் போனான். குணலட்சுமி அந்தக் காரில் ஏறியது அன்றுதான். முழங்கால் முன்தட்டில் முட்டியது. ஒழுங்கைக்குள் ஒரு பழைய புகையிலைக் கொட்டில் இருந்தது. தகரக் கதவைத் தள்ளியதும் உள்ளே வரிசையாகப் பணிஸ்கள். மஞ்சள், வெள்ளை, வெளிர் பச்சை. இருக்கைகளில் பொலித்தீன் இன்னும் கழற்றவில்லை. கண்ணாடிகளில் விரலால் எழுதக்கூடிய தூசி. ஒன்றின் ஜன்னல் இறக்கி விட்டபடி கிடந்தது. அந்த இருக்கையில் அடைகிடந்த கோழி ஒன்று இவர்களைக் கண்டு கொக்கரித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது.

“இதுதான் உங்கடை,” என்றான் ஜெயரூபன்.

சூழலை நேசிக்கிற யாழ்ப்பாணத்தின் புள்ளிவிபரம் முழுவதும் அந்தக் கொட்டிலுக்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. குணலட்சுமி காரைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். கதவைத் தட்டிப் பார்த்தாள். போகும்போது, “நீ மாலை போட்டுக்கொண்டு நிண்டது இதுக்குத்தானே?” என்று கேட்டாள். திரும்பிப் போக அவள் வந்த காரில் ஏறவில்லை. பஸ்ஸில் நல்லூருக்குப் போய்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு கிழமையில் அவன் கோப்பாய்க்கு வந்தான். டை இல்லை. டொக்டர் ஒருவருக்கு வெளிர் பச்சைதான் வேண்டுமாம். உரிமை மாற்றப் படிவத்தில் மாமி கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

“போடுறன்,” என்றாள் குணலட்சுமி. “முதலிலை செபஸ்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு விதானையாரிட்டைப் போ. அவவுக்குத் தெரியாமல் நீதான் அவவின்ரை பேரிலை பதிஞ்சனீ எண்டு எழுதிக் குடு. அந்தக் காரையும் அவவின்ரை பேரிலை இருந்து எடு.”

“எழுதிக் குடுத்தால் என்ரை வேலை போயிடும் மாமி.”

“உதொரு வேலையே? ஓடாத காருக்குச் சனம் பிடிக்கிற வேலை.”

“அப்பா இருந்திருந்தால் நீங்கள் இப்பிடிக் கதைப்பியளோ?”

“உன்ரை அப்பன் இருந்திருந்தால் நான் கதைக்க வேண்டி வந்திராது. தும்புத்தடியாலை கதைச்சிருப்பான்.”

அவன் கண் கலங்கியது. குணலட்சுமிக்கு ஒரு கணம் அவன் ஐந்து வயதில் கிணற்றடியில் சறுக்கி விழுந்து அழுத முகம் தெரிந்தது. ஆனால் அன்றைக்கும் அவன், தான் விழவில்லை, நாய் தள்ளியது என்றுதான் சொன்னான்.

அவன் விதானையாரிடம் போனான். முழுவதும் சொன்னானா என்றால் இல்லை. அலுவலகத்தில் நேர்ந்த தவறு என்று எழுதிக் கொடுத்தான். தவறு யாருடையது என்று எழுதவில்லை. கிராம சேவகரான அவரும் கேட்கவில்லை. செபஸ்தியம்மாவின் பெயரில் இருந்த காரும் வேறொருவர் பெயருக்கு மாறியது. அது யார் என்று குணலட்சுமி விசாரித்தாள், ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து நிவாரணம் வரும், விட்டுப்போன மாதங்கள் விட்டுப்போனதுதான் என்று செபஸ்தியம்மாவுக்குச் சொல்லப்பட்டது.

கையெழுத்துப் போடுகிற அன்று டொக்டரும் கிளைக்கு வந்திருந்தார். குணலட்சுமி படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசித்தாள். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் முதல் பக்கத்தை மறுபடியும் வாசித்தாள்.

“டொக்டர், இந்தக் காரை உங்களுக்கு முதல் ஆர் ஓடினதாம்?”

“ஒரு வயசான அம்மாவாம். வெள்ளிக்கிழமையிலை கோயிலுக்கு மட்டும் கொண்டு போறவவாம். புதுசு மாதிரித்தான் இருக்கு.”

ஜெயரூபன் கூரையைப் பார்த்தான்.

“நான்தான் அந்த அம்மா. இது கோயிலுக்கும் போகேல்லை, குளத்துக்கும் போகேல்லை. இணுவில் கொட்டிலிலை கிடந்தது. ஓடினது ஒரு கோழி.”

டொக்டருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவருக்கு வந்தது உற்சாகம். உடனே ஜெயரூபனைப் பக்கத்தில் கூப்பிட்டு, அப்படியானால் விலையை இன்னும் குறைக்கவேண்டும் என்று பேரம் பேசத் தொடங்கினார். குணலட்சுமி கையெழுத்தைப் போட்டுப் பேனாவை மேசையில் எறிந்துவிட்டு எழும்பினாள். படித்தவர்களைப் பற்றி அவளுக்கு இருந்த எண்ணத்தில் திருத்தம் தேவைப்படவில்லை.

வருட முடிவுக் கணக்கு வந்தது. கடைசி மூன்று மாதத்தில் வடக்கில் லூமாவின் புதுப் பதிவு அநேகமாக நின்றுவிட்டது. பத்திரிகையில் ஒருவர் அதற்குக் காரணம் எழுதினார். மாரி மழை, சார்ஜ் ஏற்றும் இடங்களின் குறைவு, யாழ்ப்பாண மனோபாவம் என்று அரைப் பக்கம். ஜெயரூபனுக்குத் தண்டனை என்று ஒன்றும் வரவில்லை. வடக்கைக் கட்டியெழுப்பியவர் என்று குருநாகலுக்குப் பெரிய கிளைக்கு மாற்றினார்கள். சம்பளமும் கூடியதாம். போவதற்கு முதல் அவன் செய்த கடைசிக் காரியம், செபஸ்தியம்மாவை வேலையிலிருந்து நிற்பாட்டியது.

அவள் பஸ் பிடித்துக் கோப்பாய்க்கு வந்து, படலையில் நின்றே சொன்னாள்.

“அக்கா, நீங்கள் செய்தது சரிதான். நான் பிழை சொல்ல வரேல்லை. ஆனால் நிவாரணக் காசு வந்துது, சம்பளம் போயிட்டுது. எனக்கு எது பெருசு எண்டு உங்களுக்கு விளங்கும்.”

குணலட்சுமிக்கு அது விளங்கியது. மருமகனை வெல்லுகிற அவசரத்தில் இவளை ஒருதரம்கூடக் கேட்கவில்லை என்பதும் விளங்கியது. “உள்ளை வந்து இரு,” என்று சொல்லிச் சோறு போட்டாள். அவள் சாப்பிடும்போது எதிரில் குந்தியிருந்து யோசித்தாள்.

அடுத்த நாள் அவள் போனது கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளையிடம். குணலட்சுமி இந்த ஊரில் மதிக்காத மனிதர்களை வரிசையாக நிறுத்தினால் முன்னுக்கு நிற்கிறவர் அவர். சங்கத்து மாவை ஈரமாக்கி நிறை கூட்டினார் என்று பொதுக்கூட்டத்தில் எழும்பிச் சொன்னவள் இவள்தான். அதற்குப் பிறகு பதினைந்து வருடமாக, வேலை அலுவல் தவிர, அவருடன் ஒரு சொல் கதைக்கவில்லை. சங்கத்தின் மா அரைக்கிற ஆலையில் பொதி செய்ய ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தாள்.

ஆழ்வாப்பிள்ளை அவளை வெளியே போட்டிருந்த மரவாங்கில் வெகுநேரம் இருத்தினார். உள்ளே அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. பக்கத்தில் செபஸ்தியம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி இருந்தாள். குணலட்சுமி இரண்டுதரம் எழும்பினாள், இரண்டுதரமும் இருந்தாள்.

“குணலட்சுமியே? நீர் என்னட்டை வருவீர் எண்டு நான் கனவிலும் நினைக்கேல்லை,” என்றார் அவர், கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. “என்ன அலுவல்?”

“ஒரு உதவி கேட்டு வந்தனான்.”

“சத்தமாச் சொல்லும். எனக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம்.”

அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை. குணலட்சுமிக்கு அது தெரியும். பக்கத்து மேசை எழுதுவினைஞர்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு உதவி கேட்டு வந்தனான், தலைவர்,” என்று அவள் சத்தமாகச் சொன்னாள். “இவவுக்கு ஆலையிலை ஒரு வேலை வேணும்.”

ஆழ்வாப்பிள்ளை உடனே கொடுக்கவில்லை. நாக்கு நீளமாக இருந்தால் வாழ்க்கையில் என்னென்ன நடக்கும் என்று ஒரு பிரசங்கம் வைத்தார். குணலட்சுமி சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டாள். கடைசியில் அவர், திங்கட்கிழமை வரச்சொல்லும் என்றார்.

வெளியே வந்ததும் செபஸ்தியம்மா கண்ணைத் துடைத்தாள். “நல்ல மனுசன் போலைதான் கிடக்கு அக்கா.”

“விசர்க்கதை கதையாதை,” என்றாள் குணலட்சுமி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்தாள். “திங்கட்கிழமை நேரத்துக்கு வந்து நில். பொதிக்கு முழு நிறை போடு. உந்தாள் குறைக்கச் சொன்னால் என்னட்டை வந்து சொல்லு.”